களப்பணிக்காகவே சேரலாம்: நகரத்துக் கிறிஸ்தவச் சபைத் தலைவர்களுக்குப் பாடம் அமைக்கும் பயிற்சி

மூப்பர்கள், உதவிக்காரர்கள், வீட்டுக்கூட்டம் நடத்துகிறவர்கள், வாலிபர் ஐக்கியத்தைக் கவனிக்கிறவர்கள் ஆகியோருக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்கென்றே நடக்கும் பயிற்சி இது. நகரத்துச் சபைகளை மனதில் வைத்து அமைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு இணையவழி வகுப்பு, இடையிடையே நேரில் கூடும் நாட்கள், ஒவ்வொரு அலகுக்கும் ஒரு களப்பணி. கடைசியில், நாமே வடிவமைத்த பாடம் ஒன்றை உண்மையான சபைத் தலைவர்கள் முன்னால் நடத்திக்காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் கணக்கு கற்பித்தவள் நான். இப்போது சில சபைகள் சேர்ந்து நடத்தும் தலைவர் வகுப்புக்குப் பாடம் தயாரிப்பது என் பொறுப்பு. இந்தப் பயிற்சியை முழுவதும் முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நடத்திய நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பலர் இதே வகையில் பயிற்சி தருகிறார்கள்; எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதுதான் வாசிக்கிறவர்களுக்குப் பயன்படும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேருங்கள். களப்பணிகளுக்காகவே சேருங்கள். விரிவுரைகளில் பாதி மிக நன்று, மீதி சுமார். நிர்வாகம் நிறையத் திருந்த வேண்டும். ஆனால் அந்தக் களப்பணித் தாள்கள் எனக்குக் கொடுத்ததை எந்தப் புத்தகமும் கொடுத்ததில்லை.

இப்படி ஒரு பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியேதான் நம்மில் பலர் சொல்லிக்கொடுக்கிறோம். வேதாகமக் கல்லூரியில் தங்கிப் படித்த போதகர், அங்கே வாங்கின குறிப்பேட்டைச் சுருக்கி, சனிக்கிழமை மாலையில் மூப்பர்களுக்கு நடத்துகிறார். பழைய ஏற்பாட்டு மேலோட்டம், சபை வரலாறு, பிரசங்கக் கலை. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்த மூப்பர் திங்கட்கிழமை சந்திக்கப்போவது வேறு ஒன்று. வேலை போன குடும்பம். வாடகைக் கட்டடத்தைக் காலிசெய்யச் சொல்லும் உரிமையாளர். மொழி புரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரோடும் பேசாமல் போய்விடும் புலம்பெயர்ந்த தொழிலாளி. 1950இல் உலக மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்தான் நகரங்களில் வாழ்ந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டில் அது 55 விழுக்காடு; 2050இல் 68 விழுக்காடு ஆகும் என்று அப்போது கணித்தார்கள். சபைகளும் அந்த மக்களோடு நகரத்துக்குள் வந்துவிட்டன. தலைவர்களுக்கு நாம் எடுக்கும் பாடம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

தொடக்க வகுப்பில் குவாத்தமாலா கதையைச் சொன்னார்கள். விரிவாக்க இறையியல் கல்வி பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1963 வாக்கில், அங்கிருந்த பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரிக்கு ஒரு சிக்கல். சபைகளை உண்மையில் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் குடும்பமும் தொழிலும் உள்ளவர்கள். அவற்றை விட்டுவிட்டு வந்து தங்கிப் படிக்க அவர்களால் முடியாது. ரால்ஃப் விண்டர், ஜேம்ஸ் எமரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் கல்லூரியை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டிலிருந்து தானாகவே படிக்கும்படி எழுதிய பாடம், அருகில் ஓரிடத்தில் ஆசிரியரோடு கூடும் வகுப்பு. பிறகு டெட் வார்ட் என்ற கல்வியாளர் இந்த முறையை ஒரு மரவேலியாக வரைந்து காட்டினார். மேலே ஒரு நீளக் கம்பு, அது படிப்பு. கீழே ஒரு நீளக் கம்பு, அது ஊழியக் களத்தின் அனுபவம். இரண்டையும் பிடித்து நிறுத்தும் கால்கள்தான் கூடிவரும் வகுப்புகள்.

இந்தப் படம் எனக்கு உடனே பிடித்துப்போனது. வகுப்பு எதற்கு என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. படித்ததையும் அந்த வாரம் களத்தில் நடந்ததையும் ஒன்றோடொன்று பிணைக்கத்தான் வகுப்பு. புத்தகத்தில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை. இந்தப் பயிற்சியை நான் அளந்து பார்த்ததும் இந்த வேலியை வைத்துத்தான். கீழ்க் கம்பு உறுதியாக இருந்த இடங்களில் பயிற்சி நின்றது, அது காணாமல்போன இடங்களில் சாய்ந்தது.

முதல் களப்பணித் தாளில் இருந்தது இவ்வளவுதான்: பாடத்திட்டம் எதுவும் எழுத வேண்டாம், உங்கள் சபைகளில் பொறுப்பில் இருப்பவர்களில் மூன்று பேரோடு உட்கார்ந்து, அவர்களுடைய கடந்த வாரத்தை நாள் நாளாக எழுதி வாருங்கள்.

நான் எழுதியவர்களில் ஒருவர் மருத்துவமனைச் செவிலியர். ஒரு வீட்டுக்கூட்டத்தை அவர்தான் நடத்துகிறார். என்னை டீச்சர் என்று கூப்பிடுவார். தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அலைபேசியில் அழைப்புப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே ஒவ்வொரு நாளாகச் சொன்னார். ஞாயிறு ஆராதனை முடிந்து அன்றே இரவுப் பணி. திங்கள் காலையில் வந்து படுத்தவரை 11 மணிக்கு ஓர் அழைப்பு எழுப்பியது. கூட்டத்துக்கு வரும் ஒரு சகோதரி; கணவர் அடித்துவிட்டார். செவ்வாய், பணிக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டே மறுநாள் கூட்டத்துக்கான வேதபகுதியை வாசித்தார். புதன் கூட்டத்தில் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டினார். வியாழன், கூட்டத்துக்கு வரும் வாலிபர் ஒருவர் தனியாகப் பேச வேண்டும் என்று வந்து கடன் கேட்டார். வெள்ளி ஒரு மரண வீடு. சனி என் வகுப்பு.

எழுதி முடித்துவிட்டு, தாளில் கடைசியாக இருந்த கேள்வியைக் கேட்டேன். "இந்த வாரத்துல எந்த இடத்துல என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னீங்க?"

யோசிக்கவே இல்லை. "திங்கக்கிழமைதான் டீச்சர். ஜெபிக்கலாம் அக்கான்னு சொன்னேன், ஜெபிச்சேன். ஆமென் சொன்னதுக்கப்புறம் அவங்க, நான் இப்ப வீட்டுக்குத் திரும்பப் போகலாமான்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல."

இதைத் தாண்டி ஒரு தேவை ஆய்வு எனக்குத் தேவைப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் பாடத்திட்டப்படி இருந்தது சபைக் கவுன்சில்களின் வரலாறு. அதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் நடத்தலாம். ஜெபத்துக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு என்ன பதில் என்பதைத் தள்ளிப்போட முடியாது.

நேரில் கூடிய நாளில் எல்லாருடைய தாள்களையும் சுவரில் ஒட்டச் சொன்னார் எங்கள் பயிற்றுநர். அவர் ஓர் அம்மா. நெடுங்காலம் ஊழியத்தில் இருந்தவர், குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். வாடகை வண்டி ஓட்டும் மூப்பர், துணிக்கடையில் நிற்கும் வாலிபர் தலைவி, பள்ளிக் காவலாளியாக இருக்கும் உதவிக்காரர் என்று அத்தனை பேருடைய வாரங்களும் சுவர் முழுக்க. அரைமணி நேரம் யாரும் பேசக் கூடாது, வாசிக்க மட்டும் செய்யுங்கள் என்றார். வாசித்துக்கொண்டே போகும்போது எல்லாருக்கும் அதே ஐந்தாறு காரியங்கள் கண்ணில் பட்டன. பணம், வாடகை, குடும்ப வன்முறை, நேரமின்மை, மொழி, தூக்கமின்மை. இவற்றிலிருந்துதான் எங்கள் பாடத்திட்டம் பிறந்தது. வேதபாடம் அதில் குறைந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். நடந்தது நேர்மாறு. கேள்வியோடு போகிறவர்கள் வேதத்தை வாசிக்கும் விதமே வேறு.

அடுத்த அலகு, பாடத்தை முடிவிலிருந்து தொடங்கி அமைப்பது. கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை என்ற இருவர் 1998இல் விரிவாக எழுதி, பள்ளிக் கல்வியில் பரவலான முறை. பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்ய வேண்டும், செய்கிறார் என்பதற்கு எது சான்று என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்துவிட்டு, வகுப்பில் நடத்த வேண்டியதைக் கடைசியாகத்தான் தீர்மானிப்பார்கள். பள்ளி ஆசிரியையான எனக்கு இது பழக்கமானதுதான். போதகர்கள் பலருக்குப் புதிது. ஒரு குழு எழுதிய நோக்கம், "உக்கிராணத்துவம் பற்றித் தலைவர்கள் தெளிவு பெறுவர்". உக்கிராணத்துவம் என்றால், ஒப்படைத்த பணத்தையும் பொருளையும் உண்மையாய்ப் பராமரிப்பது. பயிற்றுநர் அம்மா, "தெளிவு பெற்றுட்டாங்கன்னு ஆறு மாசம் கழிச்சு அவங்க சபைக்குப் போனா எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீங்க, பாஸ்டர்?" என்று கேட்டார். அந்தக் குழு திரும்ப உட்கார்ந்து எழுதியது: "காணிக்கையை உறவினர் அல்லாத இருவர் சேர்ந்து எண்ணி, கையெழுத்திட்டு, அடுத்த கூட்டத்தில் சபையாருக்கு அறிவிக்கும் ஒழுங்கைத் தங்கள் சபையில் ஏற்படுத்துவர்." இதற்கு என்ன பாடம் நடத்த வேண்டும் என்பது அதன்பிறகு தானாக விளங்கிவிட்டது. 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில், காணிக்கையைக் கொண்டுபோகும்போது ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்குப் பவுல் மற்றவர்களையும் கூட அனுப்புகிற பகுதி, வெறும் குறிப்பாகக் கடந்துபோகாமல் பாடத்தின் நடுவே வந்து உட்கார்ந்தது.

இந்தப் பயிற்சியின் உச்சம் எது என்று கேட்டால் நகர நடை அலகைத்தான் சொல்வேன். நெகேமியா 2ஆம் அதிகாரத்தோடு தொடங்கினார்கள். எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலை, எடுத்துக்கட்ட வந்த நெகேமியா, யாரிடமும் எதுவும் சொல்லாமல், இராத்திரியில் சில மனுஷரோடு எழுந்து போய் அலங்கத்தைப் பார்வையிடுகிறார். எந்த வாசல் எரிந்திருக்கிறது, எங்கே அவர் ஏறிவந்த மிருகம் போக வழியில்லை என்பதெல்லாம் பெயரோடு எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் கட்டுவோம் வாருங்கள் என்கிறார். நாங்களும் எங்கள் சபை இருக்கும் பகுதியை ஒரே வழியில் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை நடந்து பார்த்து எழுத வேண்டும். என்ன எழுதுவது என்பதற்கும் தாள் கொடுத்திருந்தார்கள்: யார் நின்றுகொண்டிருக்கிறார்கள், எதற்குக் காத்திருக்கிறார்கள், எந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது, சுவரில் எந்தெந்த மொழியில் அறிவிப்பு இருக்கிறது, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்.

என்னோடு நடந்தவர் எங்கள் சபையின் மூத்த மூப்பர். அந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர். "எனக்குத் தெரியாததா?" என்றுதான் கிளம்பினார். இரவு பத்து மணிக்கு மேல், சபைக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மூடின கடைகளின் படிகளில் ஆண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள். தலைமாட்டில் அவரவர் வேலைக் கருவிகள். ஒருவர் அலைபேசியைக் காதருகே வைத்து, தாழ்ந்த குரலில் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தார். மொழி எங்களுக்குப் புரியவில்லை, குழந்தையோடு பேசுகிறார் என்பது மட்டும் புரிந்தது. மூப்பர் நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசையில் வந்து உட்காரும் இருவர் அந்தப் படியில் இருந்தார்கள். மறுவாரம் செயற்குழுவில் இதைப் பேசியவர் அவர்தான். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. சபையின் குளியலறையை எப்போது திறந்துவைப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்கள்.

நடை முடிந்து வந்தபிறகுதான் எபேசுவை நடத்தினார்கள், அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. அப்போஸ்தலர் 19ஐப் பலமுறை பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை, நடையில் பயன்படுத்திய அதே தாளை வைத்து எபேசுவை வாசிக்கச் சொன்னார்கள். திறன்னுவின் வித்தியாசாலையில் பவுல் இரண்டு வருஷம் தினமும் சம்பாஷிக்கிறார். தட்டானாகிய தெமேத்திரியு தொழிலாளிகளைக் கூட்டி, முதலில் வருமானத்தைப் பற்றிப் பேசுகிறான், எபேசியர் வணங்கிய தேவி தியானாளின் மகிமை பிறகுதான் வருகிறது. அரங்கசாலையில் கூடினவர்களில் அநேகருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியாது. கலகத்தை அடக்குவது ஓர் அரசு அலுவலர். நியாய விசாரணைக்கு நாட்கள் உண்டு, தேசாதிபதிகள் இருக்கிறார்கள் என்று சட்டத்தைச் சொல்லிக் கூட்டத்தைக் கலைக்கிறார். பொருளாதாரம், வழிபாடு, கூட்டத்தின் மனநிலை, நகர நிர்வாகம் எல்லாம் ஒரே அதிகாரத்தில். நகரத்தில் ஊழியம் செய்கிறவருக்கு இதைவிட நல்ல பாடநூல் இல்லை. எரேமியா 29இல், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று வருகிற வார்த்தையையும் இதோடு சேர்த்து நடத்தினார்கள். அது எதிரியின் பட்டணம் என்பதை அழுத்திச் சொன்னார் அம்மா.

ரே பாக்கியின் பணியைப் பற்றியும் ஒரு வகுப்பு. சிகாகோவில் போதகராக இருந்து, உலகளாவிய சுவிசேஷப் பணிக்கான லொசேன் இயக்கத்தின் சார்பில் உலகின் பெருநகரங்களில் கலந்தாய்வுகள் நடத்தியவர். வகுப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விரிவுரையாகவே முடிந்துவிட்டது.

பார்த்தல், நிதானித்தல் (சீர்தூக்கிப் பார்ப்பது), செயல்படுதல் என்ற மூன்று படி முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற கத்தோலிக்கக் குரு, ஆலைகளில் வேலை செய்த இளைஞர்களுக்காக 1925இல் தொடங்கிய இயக்கத்தின் முறை இது. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்தார். எங்கள் குழுவில் எல்லாரும் சீர்திருத்தச் சபை, பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள். ஒரு போதகர் எழுந்து, கத்தோலிக்க முறை நமக்கு எதற்கு என்று நேராகவே கேட்டார். நல்ல கேள்வி, தயங்காமல் கேட்டார். அம்மா விவாதிக்கவில்லை. அவர் கொண்டுவந்த தாளையே எடுத்து, "நீங்க பார்த்ததை எழுதியிருக்கீங்க. வேதத்தை வச்சு அதை நிதானிச்சும் எழுதியிருக்கீங்க. கடைசிப் பக்கம் மட்டும் வெறுமையா இருக்கு பாஸ்டர்" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் அடுத்த வாரம் அந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டு வந்தார்.

பரிந்துரைப் பட்டியல் என்ற களப்பணி சின்னதுதான், ஆனால் எல்லாச் சபைக்கும் உடனே பயன்படும். குடும்ப வன்முறை, தற்கொலை எண்ணம், குடிநோய், கடன் சுமை, பிள்ளைகளுக்கு நேரும் தீங்கு ஆகியவற்றுக்கு நம் நகரத்தில் யாரிடம் அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். தயாரித்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் எண்ணையும் நாமே அழைத்து, யார் எடுக்கிறார்கள், எந்த நேரத்தில், எந்த மொழியில் பேசுகிறார்கள், போனால் முதலில் என்ன கேட்பார்கள் என்பதை எழுத வேண்டும். பல எண்கள் அடித்துக்கொண்டே இருந்தன. எடுத்த ஓர் இடத்தில் பேசிய அம்மையார், இரவில் வருகிறவர்களுக்குத் தங்க இடம் உண்டு என்று சொல்லி வழியையும் சொன்னார். அந்த ஒரு வரியை நான் செவிலியருக்கு அனுப்பினேன். "போகலாமா" என்ற கேள்விக்கு இனி அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

செய்துகாட்டும் வகுப்புகள் கடைசிக் கட்டம். ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களோடு பயிற்சி பெறுகிறவர்கள் கிடையாது, வேலை முடிந்து களைத்து வந்திருக்கும் உண்மையான சபைப் பொறுப்பாளர்கள். இளம் போதகர் ஒருவர் அப்போஸ்தலர் 6ஐ எடுத்தார். கிரேக்கம் பேசும் யூத விசுவாசிகள், அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுக்கிறார்கள், ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். அருமையாகப் பேசினார். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள், அதாவது குறைபட்ட மக்களின் பக்கத்துப் பெயர்கள் என்பதை எடுத்துக்காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். முடிந்ததும் அம்மா கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்திருந்ததை வாசித்தார். "நீங்க பேசினது 17 நிமிஷம். அவங்க பேசினது 3 நிமிஷம்."

மறுநாள் அதே பாடத்தை அவர் திரும்ப நடத்தினார். ஒரு நிகழ்வோடு தொடங்கினார்: ஒரு சபையில் வேற்றுமொழி பேசும் விசுவாசிகளுக்கு மாலையில் ஆராதனை நடத்த அனுமதி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கட்டடச் சாவி கொடுக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் யாராவது வந்து திறந்துவிடும்வரை அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். "உங்க சபையில சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் அமைதி. பிறகு ஒரு மூப்பர் தன் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பேச்சு ஆரம்பித்தது, நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் 6ஆம் அதிகாரத்தைத் திறந்தார்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை இந்தத் தடவை போதகர் சொல்லவில்லை; பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி கண்டுபிடித்துச் சொன்னார். கற்பிக்கும் கலையைப் பற்றி இவ்வளவு வருஷ ஆசிரியப் பணியில் நான் பார்த்த மிகச் சிறந்த இருபது நிமிடங்களில் அது ஒன்று.

இனி குறைகள். நல்ல பயிற்சி என்பதால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது நேரம். வார இணைய வகுப்பை வேலைநாளில் காலை பத்தரைக்கு வைத்திருந்தார்கள். முழுநேரப் போதகர்களுக்கு அது வசதி. வேலைக்குப் போகிற மூப்பர்களும் பெண்களும் பயிற்றுநர்களாக வரவேண்டும் என்று பாடத்தில் சொல்லிவிட்டு, அவர்களால் வரவே முடியாத நேரத்தில் வகுப்பு வைப்பது சரியில்லை. பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பதிவைப் பார்ப்பது மேல் கம்பு மட்டும்தான். எங்களோடு பயிற்சியைத் தொடங்கிய, வண்டி ஓட்டும் மூப்பர் ஒருவர் பாதியில் நின்றுபோனார். அவர் எழுதிய களப்பணிதான் எங்கள் குழுவிலேயே சிறந்தது. அவரை இழந்தது பயிற்சிக்குத்தான் நஷ்டம்.

இரண்டாவது, எழுதிக் கொடுத்த களப்பணிகளுக்குக் கருத்து வர மிகவும் தாமதம். நேரில் கூடிய நாட்களில் அம்மா உடனுக்குடன் சொன்னார். இணையத்தில் அனுப்பியவை வேறு யாரோ திருத்தினார்கள் போலிருக்கிறது. அடுத்த அலகும் முடிந்த பிறகு, "நன்று, தொடரவும்" என்று இரண்டு சொல்லில் வந்தது. நகர நடைக்காக இரவில் நடந்து, எழுதி அனுப்பிய ஒருவருக்கு அது போதாது. கேட்டு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது, மாற்றம் வரவில்லை.

மூன்றாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஞாயிறு பள்ளி, வாலிபர் முகாம், வீட்டுக்கூட்டம் என்று எங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊழியர்களைச் சேர்க்கும் முன் விசாரிப்பது, பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே இருக்காதபடி பார்த்துக்கொள்வது, புகார் வந்தால் சபைக்குள் மூடிவைக்காமல் சட்டப்படி தெரிவிப்பது ஆகிய மூன்றும் எந்தத் தலைவர் பாடத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும். இங்கே அதை மற்றொரு அலகின் கடைசியில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். களப்பணியும் இல்லை. இவ்வளவு நல்ல களப்பணிகளை யோசித்தவர்கள், அவரவர் சபையின் ஞாயிறு பள்ளி அறைகளைப் போய்ப் பார்த்து, எந்தக் கதவில் கண்ணாடி இல்லை, யாரிடம் எழுத்துமூல ஒழுங்கு இல்லை என்று எழுதி வரச் சொல்லியிருக்கலாம். நானே அப்படி ஒரு தாள் தயாரித்து அனுப்பிவைத்திருக்கிறேன். பயன்படுத்தினால் சந்தோஷம்.

வாசிப்புப் பகுதிகள் சுமார். பல கட்டுரைகளின் தமிழ் முரடாக இருந்தது, ஒரே வாக்கியத்தை மூன்று முறை வாசித்தால்தான் பொருள் பிடிபடும். அவற்றில் வரும் தலைவர்கள் ஏறத்தாழ எல்லாரும் ஆண்கள், சம்பளம் வாங்கும் போதகர்கள். நகரத்தில் வீட்டுக்கூட்டங்களைத் தாங்கும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. பிலிப்பியில் முதல் விசுவாசிகள் கூடினது இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத்துணி விற்கிற லீதியாளின் வீட்டில். ஆக்கில்லாவோடு கூடாரத் தொழில் செய்த பிரிஸ்கில்லாள், அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குத் தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டினவர்களில் ஒருவர். தொழில் செய்துகொண்டே தலைவர்களை உருவாக்கினவர்கள் வேதத்திலேயே இருக்கும்போது வாசிப்புப் பகுதியில் ஏன் இல்லை?

கடைசியாக மதிப்பீட்டுப் படிவம். பயிற்சியின் தாக்கத்தை அளக்க, டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு படிகளை அவர்களே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: கற்றவருக்குப் பிடித்திருந்ததா, கற்றாரா, நடைமுறையில் மாறினாரா, அதனால் விளைவு உண்டானதா. ஆனால் எங்களிடம் நிரப்பித் தரச் சொன்ன படிவம் முதல் படியோடு நின்றுவிட்டது. வகுப்பறை வசதி எப்படி, ஆசிரியர் பேச்சு எப்படி என்று நட்சத்திரம் போடச் சொன்னார்கள். சில மாதம் கழித்து எங்கள் சபைகளைக் கூப்பிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது, காணிக்கை எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டிருந்தால் தங்கள் பயிற்சி எவ்வளவு நல்லது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

யாருக்கு இது பொருந்தும்? ஏற்கெனவே ஒரு தலைவர் குழுவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். இனிமேல்தான் தொடங்கப்போகிறேன் என்பவர்களுக்குக் களப்பணியைச் செய்ய இடம் இருக்காது. முதலில் ஒரு சிறு குழுவைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். பிரசங்கம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பேசுவதைக் குறைக்கத்தான் இங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். சான்றிதழைச் சபைச் சுவரில் மாட்ட விரும்புகிறவர்களுக்கும் இது வேண்டாம், அதற்கு இதைவிட எளிய வழிகள் இருக்கின்றன.

சேருகிறவர்கள் ஒரே சபையிலிருந்து இரண்டு பேராகச் சேருங்கள்; ஒருவர் போதகராகவும் மற்றவர் வேலைக்குப் போகிற பொறுப்பாளராகவும் இருந்தால் மிக நல்லது. பதிவு செய்வதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: களப்பணித் தாள்களைக் காட்டுவீர்களா, கருத்து எத்தனை நாளில் எழுதித் தருவீர்கள், மாலை வகுப்பு உண்டா. முதல் கேள்விக்குப் பாடத்திட்ட அட்டவணையை மட்டும் எடுத்து நீட்டினால், அது வேறு பயிற்சி. இன்னும் கொஞ்சம் தேடுங்கள். மாலை வகுப்பு தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள். வண்டி ஓட்டும் மூப்பரிடம் சொல்ல வேண்டும்.